பூச்சி மணலிலிருந்து வங்காளம் வரை

கோயில் வாசலில் ஊதப்படும் வெண்சங்கும், வங்காளத்து மணப்பெண்ணின் கையில் ஏறும் வெள்ளை வளையலும், நாகா வீரர்களின் பிடரியில் தொங்கிய அணியும் ஒரே கடல் நத்தையின் ஓடுதான். விலங்கியலார் அதற்கு இட்ட பெயர் டர்பினெல்லா பைரம். லின்னேயஸ் 1767இல் அதை உயிரினப் பட்டியலில் சேர்த்தார். கட்ச் வளைகுடாவிலும் கேரளத்தின் தென்கரையிலும் அந்தமானிலும் அது உண்டு. ஆனாலும் அது மிகுதியாகக் கிடைப்பதும், தலைமுறை தலைமுறையாக அதை எடுக்கும் தொழில் நிலைத்திருப்பதும் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும்தான். தூத்துக்குடியில் தொடங்கி, கொற்கையைப் பார்த்துவிட்டு, கீழக்கரை, ராமேஸ்வரம் வழியாக யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து வடகிழக்கே பிஷ்ணுபூரும் டாக்காவும் வரை சென்றால் சங்கு போன பாதை முழுவதும் கண்ணில் பட்டுவிடும். பாதை நீளமானது. ஆனால் அதில் போகும் நத்தையோ தன் வாழ்நாளில் பிறந்த மணலைவிட்டு அதிகம் நகர்வதே இல்லை. பயணமெல்லாம் அது செத்த பிறகுதான்.

சங்கு பாறையில் வாழ்வதில்லை. முத்துச்சிப்பி ஒட்டிக் கிடக்கும் பாறைத் திட்டுகளைக் கரைக்காரர்கள் ‘பார்’ என்பார்கள். சங்கு கிடைப்பது அந்தப் பார்களுக்கு இடையே பரந்து கிடக்கும் மணலில். எல்லா மணலிலும் அது இருக்காது. குழாய் கட்டி வாழும் கடற்புழுக்கள் நிறைந்த மணலைக் குளியாளிகள் ‘பூச்சி மணல்’ என்று பெயரிட்டு அடையாளம் வைத்திருந்தார்கள். அந்தப் புழுக்களே சங்கின் இரை என்பதால், பூச்சி மணலைக் கண்டவன் சங்கைக் கண்டவன். கடல் உயிரியல் ஆய்வாளர்கள் வந்து இரைப்பையை அறுத்துப் பார்த்துச் சொல்வதற்கு நெடுங்காலம் முன்பே, மூச்சடக்கிக் குளித்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம் வரையுள்ள ஆழத்தில், பாதி உடல் மணலில் புதைந்து கிடக்கும் சங்கை அதன் வால்நுனியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கடலிலிருந்து எடுத்த சங்கைப் பார்த்தால் பூசை அறையில் இருப்பதுதானா இது என்று ஐயம் வரும். அதன்மேல் பழுப்பு நிறத்தில், தொட்டால் சொரசொரக்கும் மேல்தோல் ஒன்று போர்த்தியிருக்கும். வாயை அடைக்கக் கொம்புபோல் கெட்டியான மூடி இருக்கும். சதையை அழுகவிட்டு, மேல்தோலைச் சுரண்டி, காரமோ அமிலமோ போட்டுக் கழுவிய பிறகுதான் அந்தப் பால்வெண்மை வெளியே வருகிறது. பொதுவாக ஒரு சாண் நீளத்துக்குக் குறைவாகவே இருக்கும், 20 செ.மீ. நீளத்தைத் தொடுவதும் உண்டு. அளவைவிடக் கனம்தான் அதன் தனிச்சிறப்பு. கால்சியம் கார்பனேட்டின் நுண்ணிய படலங்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கப்பட்டு ஓடு உருவாவதால், ஒரு படலத்தில் விழும் விரிசல் அடுத்ததில் தடைப்பட்டு நின்றுவிடும். ரம்பத்தால் மெல்லிய வளையங்களாக அறுத்தாலும் உடையாமல் நிற்பதற்குக் காரணம் இதுவே. ஓட்டின் நடுவே ஓடும் தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் வரம்பு கட்டியதுபோல் சுற்றிச் செல்லும். இந்த மடிப்புகளை நினைவில் வைத்துக்கொள்வது ராமேஸ்வரத்துக் கடைத்தெருவில் உதவும்.

பெண் சங்கு இடும் முட்டைக்கூடு ஆட்டுக்கடாவின் கொம்புபோல் முறுக்கிக்கொண்டு, ஒரு நுனி மணலில் ஊன்றி நிற்கும். உள்ளே அறை அறையாகத் தடுப்புகள். பெரும்பாலான கடல் நத்தைகளின் குஞ்சுகள் நுண்ணிய மிதவைகளாகப் பிறந்து, நீரோட்டத்தில் அலைந்து, எங்கோ போய் இறங்கும். சங்கு அப்படி இல்லை. ஓடு கட்டிய குட்டிச் சங்காகவே அறையிலிருந்து ஊர்ந்து வெளியேறி அதே மணலில் இறங்கிவிடுகிறது. தூத்துக்குடிச் சங்கு ஒரு வடிவம், யாழ்ப்பாணக் கடலின் சங்கு இன்னொரு வடிவம் என்று வியாபாரிகள் பார்த்தவுடன் பிரித்துச் சொல்ல முடிவது இதனால்தான். ஒவ்வொரு திட்டும் தன் பிள்ளைகளைத் தானே வைத்துக்கொள்கிறது. இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒரு திட்டை வழித்து எடுத்துவிட்டால், அடுத்த திட்டிலிருந்து குஞ்சு மிதந்துவந்து அதை நிரப்பாது.

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் ரயிலுக்கு முத்துநகர் என்று பெயர். பெயர் முத்துக்கு, ஊரின் அடுப்பை ஆண்டுதோறும் எரியவைத்ததில் பெரும்பங்கு சங்குக்கு. முத்துக்குளிப்பு எந்த ஆண்டும் உறுதியாக நடந்ததில்லை. சிப்பிகள் முதிராமல் பல்லாண்டுகள் வெறுமையாகக் கழிந்ததும் உண்டு. 1955இல் தொடங்கி 1961 வரை நடந்த குளிப்புக்குப் பின் தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பே கிடையாது. சங்கு குளிப்பு அப்படியல்ல. வடகிழக்குப் பருவமழையின் கொந்தளிப்பு அடங்கிக் கடல் தெளியும்போது தொடங்கி, கோடையில் தென்காற்று வலுக்கும்வரை அது ஆண்டுதோறும் நடந்தது. பனிமய மாதா கோயிலைச் சுற்றி வாழும் பரதவரும், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் குளியாளிகளும் இதில் கைதேர்ந்தவர்கள். பரதவர் 1530களில் கத்தோலிக்கம் தழுவியவர்கள். வைணவக் கோயிலில் திருமாலின் கையில் இருக்கும் சங்கைக் கடலிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்கள் பல நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும்தான் என்பதை இந்தக் கரை ஒரு செய்தியாகவே எண்ணுவதில்லை.

பழைய முறையில் கல்லைக் கட்டிய கயிற்றோடு குளியாளி இறங்குவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். மூச்சு தாங்கும்வரை அடித்தரையில் தடவி, கிடைத்ததை இடுப்பு வலைப்பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அசைத்தால் மேலே இழுப்பார்கள். பின்னாளில் கண்ணாடி முகமூடி வந்தது. காலில் அலுமினியத் தகட்டைக் கட்டிக்கொண்டு துடுப்பாக உதைத்து நீந்தும் வழக்கமும் வந்தது. கடைசியாக வந்தது கம்ப்ரசர். படகில் இயங்கும் இயந்திரத்திலிருந்து நீண்ட ரப்பர் குழாய் வழியாகக் காற்று வரும். குளியாளி அதை வாயில் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில் அடியில் இருக்கலாம். சங்கு மிகுதியாகக் கிடைக்கிறது. ஆனால் ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே ஏறுகிறவரின் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழியாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். மூச்சடக்கிக் குளித்த காலத்தில் நுரையீரலே ஓர் எல்லை போட்டது. கம்ப்ரசர் அந்த எல்லையை எடுத்துவிட்டது. அது மனிதருக்கும் நல்லதாக முடியவில்லை, சங்குத் திட்டுகளுக்கும் நல்லதாக முடியவில்லை.

இந்தக் கடலில் சங்கு எடுக்கும் உரிமை எப்போதும் ஆட்சியிலிருப்பவர் கையிலேயே இருந்துவந்தது. பாண்டியருக்குப் பின் போர்த்துகீசியர் வந்தார்கள். 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1825இல் ஊர் ஆங்கிலேயரிடம் உறுதியாகக் கைமாறியது. ராமநாதபுரக் கடற்கரையில் சேதுபதிகளின் உரிமை தனி. பிரிட்டிஷ் காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறை ஏற்று நடத்திய சங்கு குளிப்பு, விடுதலைக்குப் பின்னும் பல்லாண்டுகள் அரசின் ஏகபோகமாகவே தொடர்ந்தது. எடுத்த சங்கையெல்லாம் குறித்த விலைக்குத் துறையிடமே கொடுக்க வேண்டியிருந்தது. அளவு பார்க்கும் துளைக்குள் நுழைந்து விழுந்த சிறிய சங்கு கடலுக்கே திரும்பியது. மிஞ்சியவை கிடங்கில் குவிந்து, மூட்டை மூட்டையாகக் கல்கத்தா வியாபாரிகளுக்குப் போயின. அந்தத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல் 1914இல் வெளியிட்ட ஆய்வு நூல் இன்றும் இந்தப் பொருளில் முதல் நூலாக நிற்கிறது. கடல் உயிரியலில் தொடங்கிக் கல்யாணச் சடங்கு வரை அவர் தேடித் தேடி எழுதியிருக்கிறார். வெள்ளைக்கார அதிகாரிகளின் அறிக்கைகளில் இவ்வளவு உயிருள்ளவை குறைவு.

தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் வெளியில் கொற்கை இருக்கிறது. இன்று அது வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். கடல் சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகத்தைத் தூர்த்தது. பிறகு பழையகாயல் துறைமுகமானது, அதுவும் தூர்ந்தது. கொற்கையிலும் பழையகாயலிலும் மண்ணைக் கிளறினால் ரம்பத்தால் அறுபட்ட சங்குத் துண்டுகள் கிடைத்ததை ஹார்னல் பதிவு செய்தார். முழு வளையல்களைக் காட்டிலும் இந்தக் கழிவுத் துண்டுகள் ஆய்வாளருக்குப் பெரிய சான்று. வளையல் எங்கிருந்தும் வந்திருக்கலாம். அறுத்தெறிந்த கழிவு கிடக்கிற இடத்தில்தான் பட்டறை இருந்திருக்க முடியும். அழகன்குளம், கொடுமணல், கீழடி அகழாய்வுகளிலும் சங்கு வளையல்கள் வெளிவந்திருக்கின்றன. கொடுமணலும் கீழடியும் கடற்கரை ஊர்கள் அல்ல.

சங்கப் பாடல்களில் தலைவனைப் பிரிந்த தலைவியின் கையிலிருந்து கழன்று விழும் வளை பெரும்பாலும் இந்தச் சங்கு வளைதான். அகநானூற்றின் 24ஆம் பாடலைப் பாடிய ஆவூர் மூலங்கிழார் பட்டறைக்குள்ளேயே எட்டிப் பார்த்திருக்கிறார். வேள்வி செய்யாத பார்ப்பனன் ஒருவன் அரத்தால் சங்கை அறுத்து வளைகளை எடுத்தபின் மிஞ்சும் சுருண்ட முனையை, விரியாத பகன்றை மொட்டுக்கு உவமையாகக் கொண்டுவருகிறார். பகன்றையும் தெரிந்து, சங்குக் கழிவும் கண்ணில் பட்டவருக்கே இது தோன்றும். சிவபெருமானையே எதிர்த்துக் குற்றம் சொன்னதாகக் கதையில் வரும் நக்கீரரையும் மரபு சங்கறுக்கும் குலத்தவராகவே காட்டுகிறது. 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வாக்குவாதம் மறக்காது.

வளையல் அறுக்கும் தொழிலின் தொன்மை இன்னும் பின்னே போகிறது. பலுச்சிஸ்தானத்தில் மெஹர்கர் என்னுமிடத்துப் புதைகுழிகளில், கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே, இதே நத்தையின் ஓட்டில் செய்த அணிகள் கிடைத்தன. சிந்துவெளி நாகரிகக் காலத்தில் துவாரகைக்கு அருகே நாகேஷ்வரில் சங்குப் பட்டறைகள் இருந்தன. அங்கே கிடைத்த கழிவுகளை ஆராய்ந்த தொல்லியலாளர் ஜொனாதன் மார்க் கெனோயர், முதலில் சங்கின் உச்சியை உடைத்து, நடுத்தண்டைப் பெயர்த்தெடுத்து, பிறகு வெண்கல ரம்பத்தால் வளையம் அறுத்த வரிசையைக் காட்டினார். வங்காளத்து பிஷ்ணுபூரில் அண்மைக்காலம் வரை நடந்த வேலையும் ஏறக்குறைய இதே வரிசையில்தான். நடுவில் மாறியது ரம்பத்தின் உலோகம் மட்டுமே.

கொற்கையைவிட்டு வடக்கே திரும்பினால் வேம்பார், கீழக்கரை, மண்டபம் என்று கடற்கரை நீள்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 பவளத் தீவுகள்; 1986இல் இவற்றைச் சேர்த்துக் கடல்வாழ் தேசியப் பூங்கா அமைந்தது, 1989இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமானது. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டு தீவுகள் இன்று நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. பவளப் பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோன காலத்தின் விளைவு அது. கீழக்கரையில் சங்குக்குக் குளிப்பவரும் உண்டு, சங்கை வாங்கி விற்பவரும் உண்டு, வீட்டிலேயே அறுத்துத் தேய்ப்பவரும் உண்டு. பாக் நீரிணைப் பக்கம் போனால் முறை மாறுகிறது. அங்கே அடித்தரையை ஒட்டிக் கட்டும் ‘சங்கு வலை’யில் இரவெல்லாம் ஊர்ந்துவரும் சங்கு சிக்கும். இழுவைப் படகின் மடியில் தற்செயலாக ஏறிவருவதும் உண்டு. சதை வீணாவதில்லை, கரை ஊர்களில் அதைச் சமைத்தும் உலர்த்தியும் சாப்பிடுகிறார்கள். மூடிகள் தனியே சேர்ந்து ஊதுவத்தி, வாசனைப் பொருள் வியாபாரத்துக்குப் போகின்றன.

மண்டபத்தில்தான் 1947இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. தலைமையகம் 1971இல் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்து மையம் தொடர்ந்து இயங்குகிறது. அங்கிருந்து பாம்பனைக் கடந்தால் ராமேஸ்வரம். சன்னிதித் தெருக்களிலும் தனுஷ்கோடி போகும் வழியிலும் சங்குக் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. அங்கே சங்கு என்று விற்பவை எல்லாம் சங்கல்ல. ஐந்தாறு விரல் நீட்டியதுபோல் இருக்கும் ஐவிரல் சங்கு வேறொரு குடும்பம். முள்முள்ளாக இருக்கும் ஆனைமுள்ளி இன்னொரு குடும்பம். கண்ணாடி பதித்தும் பெயர் பொறித்தும் அடுக்கியிருக்கும் பலவகை ஓடுகளில் இந்தக் கடலைச் சேராதவையும் உண்டு. 2001இல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் பல கடல் நத்தைகள் சேர்க்கப்பட்டன. முக்கோணக் கொம்புபோல் இருக்கும் பெரிய கேசிஸ் கார்னூட்டாவும், பசிபிக் தீவினர் ஊதும் டிரைட்டன் நத்தையும் அவற்றில் அடங்கும். அழகாக இருக்கிறதே என்று வாங்குபவருக்கு இது பெரும்பாலும் தெரியாது.

அந்தக் கடைகளில் பயணிகள் முதலில் கேட்பது வலம்புரி. இதில் குழப்பம் நிறைய. விலங்கியலார் நத்தையின் கூர்முனையை மேலே வைத்துப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் சாதாரணச் சங்கின் வாய் வலப்பக்கம் இருக்கும், அதை வலச்சுற்று என்பார்கள். நம் மரபில் சங்கின் குறுகிய வால் மேலே, முனை கீழே. சங்கைத் தலைகீழாகத் திருப்பியதும் வாய் இடப்பக்கம் போய்விடும். ஆகவே அது இடம்புரி. அரிதான பிறழ்வால் எதிர்த்திசையில் சுற்றிப் பிறப்பதே நமக்கு வலம்புரி, ஆய்வாளருக்கு இடச்சுற்று. பொருள் ஒன்றே, பிடிக்கும் விதம் மட்டும் வேறு. லட்சத்தில் ஒன்று என்று கரையில் சொல்வது கணக்கெடுத்த எண் அல்ல, ஆனால் மிக அரிது என்பதில் ஐயமில்லை. மன்னர்கள் அன்பளிப்பாக அனுப்பிய பொருள் அது. அசோகர் இலங்கை மன்னன் தேவானம்பிய தீசனுக்கு அனுப்பியவற்றில் வலம்புரிச் சங்கும் இருந்ததாக மகாவம்சம் சொல்கிறது. திருவிதாங்கூர் அரசு அதையே தன் சின்னமாக்கி அஞ்சல் தலையிலும் அச்சிட்டது.

தேவை இவ்வளவு, கிடைப்பது அவ்வளவு என்னும்போது போலி நுழையாமல் இருக்குமா? மெக்சிகோ வளைகுடாவில் மின்னல் நத்தை என்று ஒன்று வாழ்கிறது. அது பிறவியிலேயே இடச்சுற்று. ஒன்றிரண்டு அல்ல, கிட்டத்தட்ட எல்லாமே அப்படித்தான். டெக்சாஸ் மாநிலம் 1987இல் அதைத் தன் மாநில ஓடாக அறிவித்தது. அங்கே கடற்கரையில் பொறுக்கிக்கொள்ளக்கூடிய இந்த ஓடு இங்கே சந்தனம் குங்குமம் இட்டுப் பட்டுத்துணியில் ஏறினால் வலம்புரி. வேறுபாடு காண வழி எளிது: வாய்க்குள் நடுத்தண்டைப் பார்க்க வேண்டும். உண்மையான சங்கில் அந்த மூன்று நான்கு மடிப்புகள் விரலுக்குத் தட்டுப்படும். மின்னல் நத்தையில் தண்டு வழவழப்பாக இருக்கும். கனத்திலும் அது சங்குக்கு ஈடாகாது. காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கிறது என்று விற்பவர் சொல்வது சோதனையே அல்ல. சுற்றிலும் உள்ள ஓசை உள்ளறையில் எதிரொலிப்பதால் எந்தப் பெரிய ஓட்டை வைத்தாலும் கேட்கும்.

சங்கு பிறக்கும் கரை அதை என்ன செய்கிறது என்பதும் பார்க்க வேண்டியது. உச்சியைத் தேய்த்துத் துளையிட்டு உதட்டை அதிரவைத்து ஊதினால், உள்ளே சுருண்டு விரியும் வழியில் காற்று ஒலியாக வளர்கிறது. திருமாலின் சங்கான பாஞ்சசன்னியத்தைக் கேள்வி கேட்டு ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் பத்துப் பாட்டு பாடினாள். கார்த்திகைச் சோமவாரங்களில் சிவன் கோயில்களில் 108, 1008 என்று சங்குகளை அடுக்கி அபிஷேகம் செய்கிறார்கள். திருக்கழுக்குன்றத்துச் சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சங்கு பிறப்பதாக நம்பிக்கை. உப்புநீரில் மட்டுமே வாழும் உயிரி நன்னீர்க் குளத்தில் தோன்றுவதுதான் அங்கே அற்புதமாகக் கொண்டாடப்படுகிறது. குழந்தைக்குப் பால் புகட்ட, மாட்டின் கழுத்தில் கட்ட, சித்த மருத்துவத்தில் சங்கு பற்பமாக்க என்று வீட்டுப் பயன்களும் உண்டு. ஆனால் வீட்டுக்குள் சங்கு ஊதினால் தமிழர் காது திடுக்கிடும். சங்கும் சேகண்டியும் இறுதி ஊர்வலத்தின் ஒலி. ஒருவர் கதை முடிந்தது என்பதற்குச் சங்கு ஊதிவிட்டார்கள் என்கிறோம். வேலைநேரம் அறிவிக்கும் ஆலையின் ஊதலுக்கும் சங்கு என்றே பெயர். சங்க காலத்துப் பெண்களின் கையில் இருந்த வளையலோ போயே போய்விட்டது. கண்ணாடியும் பொன்னும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

பாக் நீரிணையின் மறுகரையில் மன்னாரும் யாழ்ப்பாணமும் சங்கு வியாபாரத்தில் தூத்துக்குடிக்குச் சளைத்தவை அல்ல. அங்கே ஒரு புதுமை உண்டு. யாழ்ப்பாணக் கடனீரேரியின் சேற்றிலும் அதை ஒட்டிய தாழ்நிலத்திலும் பழங்காலத்துச் சங்குகள் புதைந்து கிடக்கின்றன. கடல் ஒருகாலத்தில் மேலே ஏறியிருந்து பின்வாங்கியபோது தங்கிப்போனவை. அவற்றைக் கிழங்கு தோண்டுவதுபோல் தோண்டி எடுத்து விற்றிருக்கிறார்கள். நிறம் மங்கியிருப்பதால் விலை குறைவு. ஆனாலும் அறுக்க உதவும். இலங்கை அரசு சங்குக்கென்றே தனி விதிகள் வைத்திருக்கிறது. 70 மி.மீ. விட்டத்துக்குக் குறைந்த சங்கை எடுக்கவும் ஏற்றுமதி செய்யவும் தடை. சங்கு அந்த அளவுக்கு வளருமுன் ஒருமுறையாவது முட்டையிட்டிருக்க வேண்டும் என்பதே இத்தகைய அளவுக் கட்டுப்பாட்டின் நோக்கம்.

இந்த இரு கரைகளிலிருந்தும் சங்கு வெளியே போனதற்கு மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிரேக்க வணிகரும் துறவியுமான காஸ்மாஸ், மரல்லோ என்ற துறையிலிருந்து சங்கு ஏற்றுமதியானதாகக் குறித்தார். பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றிய பிரெஞ்சு நகை வணிகர் தவேர்னியே, டாக்காவில் கடற்சிப்பியிலும் ஆமையோட்டிலும் வளையல் செய்தவர்களைப் பற்றி எழுதினார். டாக்காவை அடைந்தவற்றில் ஒரு பகுதி அங்கேயும் நிற்காமல் மலையேறியது. அங்காமி நாகர்கள் முழுச் சங்கைப் பிடரியில் தொங்கவிட்டார்கள். பூட்டானிலும் திபெத்திலும் அது எட்டு மங்கலச் சின்னங்களில் ஒன்று. மடாலயங்களில் வெள்ளிச் சிறகு பதித்துக் காலை வேளையில் ஊதுகிறார்கள். பனிமலையில் பிறந்து வளர்ந்த ஒரு துறவி கடலையே பார்த்திராமல் கடலின் ஓட்டை வாயில் வைத்து ஊதுவது, வணிகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நல்ல அளவுகோல்.

வங்காளத்தின் தேவை இவையெல்லாவற்றையும்விடப் பெரிது. அங்கே திருமணமான இந்துப் பெண்ணின் கையில் வெள்ளைச் சங்கு வளையும் சிவப்புப் பவள வளையும் இருக்க வேண்டும். இரும்புக் காப்பும் சேரும். நம் தாலிக்கு உள்ள இடம் அங்கே இதற்கு. கணவன் இறந்தால் உடைத்துவிடுவார்கள். மாலையில் விளக்கேற்றும்போது வீட்டுப் பெண்களே சங்கு ஊதுவார்கள். கல்யாணத்தில் ஊதுவார்கள், குழந்தை பிறந்தால் ஊதுவார்கள். தூத்துக்குடியிலிருந்து போகிறவருக்கு அந்த ஒலியைத் திருமண வீட்டில் கேட்பது முதலில் சங்கடமாகவே இருக்கும். வங்கத்துச் சங்கு வணிகர்கள் சரக்கைத் தரம் பிரித்து வைத்திருக்கும் பெயர்களில் ‘ராமேஸ்வரி’ ஒன்று, ‘கேலாகர்’ ஒன்று. இரண்டாவது கீழக்கரை என்பது சொல்லாமலே தெரியும்.

பாங்குரா மாவட்டத்து பிஷ்ணுபூர், மல்ல மன்னர்கள் பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய சுடுமண் கோயில்களுக்குப் பெயர் பெற்றது. கோயில்களைப் பார்க்கப் போகும் பயணிகளில் சிலரே சங்கறுக்கும் சங்காரிகளின் தெருவுக்குள் நுழைகிறார்கள். அதே மாவட்டத்தில் ஹாட்கிராம் என்ற ஊரில் சங்கின் மேல் மகாபாரதக் காட்சிகளை நுணுக்கமாகச் செதுக்குகிறார்கள். பழைய வளையல் வேலை உடலை வருத்துவது. தொழிலாளி தரையில் உட்கார்ந்து, இரு காலாலும் சங்கை அழுத்திப் பிடித்து, அரைவட்ட வடிவான கனத்த இரும்பு ரம்பத்தை இரு கையாலும் முன்னும் பின்னும் இழுப்பார். போகும்போதும் வரும்போதும் அறுக்கும் அந்த ரம்பம் வங்கப் பழமொழியிலும் ஏறியிருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நட்டம் என்னும் நிலைமைக்கு அதைச் சொல்வார்கள். இப்போது மின்சாரத்தில் சுழலும் வட்டத் தகடு வந்துவிட்டது. ஒரு நாளில் செய்ததைச் சில நிமிடங்களில் அறுத்துத் தள்ளுகிறது. கூடவே வெள்ளைத் தூசு அறையை நிறைத்து நுரையீரலுக்குள் போகிறது.

டாக்காவின் பழைய நகரில் சங்காரி பஜார் ஒரு குறுகிய தெரு. முகப்பு சில அடி அகலம், ஆழம் நீண்டுகொண்டே போகும் பல மாடி வீடுகள். கீழே கடை, உள்ளே பட்டறை, மேலே குடும்பம், மாடியில் பூசை அறை. 1971 மார்ச் இறுதியில் பாகிஸ்தான் படை இந்தத் தெருவைத் தாக்கியது. பலர் கொல்லப்பட்டார்கள், பலர் எல்லை தாண்டிப் போனார்கள். திரும்பி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் தொழிலைத் தொடர்ந்தாலும் சங்கறுப்போர் எண்ணிக்கை முன்புபோல் இல்லை. தெருவின் கடைகளில் இசைக்கருவிகளும் பூசைப் பொருள்களும் கல்யாணத் தலைப்பாகைகளும் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன. சங்கு இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகிறது. விலை ஏற ஏற வளையல் மெலிந்துகொண்டே போகிறது. ஏழை வீட்டுப் பெண்கள் அன்றாடம் அணிய வெள்ளைப் பிளாஸ்டிக் வளையல் விற்கிறது. பண்டிகைக்கு மட்டும் அசல். அறுத்தபின் மிஞ்சும் நடுத்தண்டும் முனையும் மோதிரமாகவும் பொத்தானாகவும் மணியாகவும் மாறுகின்றன. ரம்பத்தூளைச் சலித்து முகப்பூச்சுக்கும் வேர்க்குருவுக்கும் பொட்டலம் கட்டி விற்கிறார்கள்.